வளையலோடு கை நுழைந்த இடம்

அண்ணா,

என் மார்க் அட்டையில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் இரண்டு வருஷமாக நீதான் போடுகிறாய். பெற்றோர் கூட்டத்துக்கு வெல்டிங் பொறி பட்டுச் சல்லடையான சட்டையோடு வந்து, கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, கணக்கு டீச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனவன் நீ. எனக்குப் பெற்றோர் யார் என்று கேட்டால் உன்னைக் காட்டுவேன். உனக்குப் பெற்றோர் என்று காட்ட இந்த வீட்டில் யாரும் இல்லை. அம்மா போய்விட்டாள். ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டு வடக்கே போன அப்பா அங்கேயே இன்னொரு வீடு பார்த்துக்கொண்டார். மற்ற வீடுகளில் பிள்ளை ஆபத்தான ஒரு காரியத்துக்குக் கிளம்பினால் தாயோ தகப்பனோ உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வார்கள். வாய் வராவிட்டால் எழுதியாவது வைப்பார்கள். உனக்கு அதைச் செய்ய நான்தான் மிச்சம். அதனால் இதை ஒரு தாய் தன் மகனுக்கு எழுதுவதுபோல எழுதப் பார்க்கிறேன். நடுவில் பயந்துபோய்த் தங்கைபோலப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீ இந்தத் தாளைக் கசக்கிப் போட்டாலும் அதாவது உன் கண்ணில் பட்டிருக்கட்டும். விடிந்ததும் எண்ணூர் ரோட்டு ரேசில் நீ ஓட்டப்போகும் காரில் பிரேக் இருக்காது. கிளம்பும்போது இருக்கும். நன்றாக மிதித்து ஓட்டி, இன்ஜின் சூடேறி, வேகமும் ஏறின பிறகு, எந்த இடத்தில் உனக்கு அது வேண்டுமோ அந்த இடத்தில் இருக்காது. நான் மெக்கானிக் இல்லை, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெண். ஆனால் அந்த இன்ஜினுக்குப் பின்னால் கை விட்டவள் நான் ஒருத்திதான். உன் கையோ உன் சிநேகிதர் நஜீர் அண்ணன் கையோ அங்கே போனதே இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

இதைச் சாயங்காலமே வாயால் சொல்லப் பார்த்தேன். நீ கை ஓங்கினாய். அடிக்கவில்லை, ஓங்கிய கை அப்படியே நின்றது. நீயே அதைப் பார்த்து மிரண்டுபோய்க் கீழே இறக்கிவிட்டாய். அப்பா ஓங்கின கை நிற்காது, இறங்கிவிடும். உன் கை இதற்கு முன் ஓங்கியே நான் பார்த்ததில்லை. அதனால்தான் சமையல்கட்டில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். நீ புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தை அணைக்கிறேன். உனக்காகப் பயப்படுகிறேனா, உன்னைப் பார்த்துப் பயப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் காரை நீ எதற்காகத் தொட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பா விட்டுப்போனவற்றில் ஓடக்கூடியது அது ஒன்றுதான். உப்புக்காற்றில் கதவின் கீழ்விளிம்பு இற்றுப்போய், எங்கே நிறுத்தினாலும் தரையில் துருவை உதிர்த்துவிட்டுப் போகும். அம்மாவுக்கு மூச்சு முட்டின அன்றைக்கு அதில்தான் அவளை ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. பாலத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் கருகின நாற்றம் வந்தது, திணறி நின்றது, பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை. நீ ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே, "ஏறித் தொல, ஏறித் தொல" என்று சொன்னாய். நாம் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். நஜீர் அண்ணன் வந்து தோளில் கை வைத்தார். "இதுக்கு மூச்சு பத்தல மாமு," என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. வண்டியைத்தான் சொன்னாய் என்று அவர் நினைத்தார்.

டர்போ என்றால் என்ன என்று அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. இன்ஜின் கக்கிவிடும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றும், அது வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். நத்தைக்கூடு போல ஒரு இரும்பு. யாரோ ஒருவருடைய உடைந்த டீசல் காரிலிருந்து கழன்று புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைக்கு வந்ததை நஜீர் அண்ணன் பிடித்துக்கொண்டு வந்தார். வண்ணாரப்பேட்டையில் ரேடியேட்டர் அடைப்பு எடுக்கும் கடை வைத்திருக்கும் அவருக்கு எந்த இரும்பு எங்கே கிடைக்கும் என்பது மனப்பாடம். அதைப் பழைய துணியில் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். நீ வாங்கி இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தாய். இந்தப் பக்கம் வைத்தாய், அந்தப் பக்கம் வைத்தாய். எங்கேயும் உட்காரவில்லை. புகை வெளியே வரும் வாய் அந்தக் காரில் இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்கிறது. அதற்கும் ஓட்டுகிறவன் காலுக்கு முன்னால் இருக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் இருந்தது ஒரு ஒல்லிச் சந்து. "இன்னா மாமு, கட்டிலு வாங்கியாந்தா வூட்ல கதவு சின்னதா கீது," என்றார் நஜீர் அண்ணன். நீ ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாய்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இந்த வீட்டில் நன்றாக இருந்தன. அதை மறைக்க மாட்டேன். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினீர்கள். ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டு ஒல்லியான ஒன்றைப் போட்டீர்கள். புகைக் குழாயை எப்படி வளைத்தால் அந்தச் சந்துக்குள் அடங்கும் என்று பார்க்க என் சயின்ஸ் பிராஜெக்ட் சார்ட்டை எடுத்துக் கிழித்து, சுருட்டி, ஒட்டி, முதலில் காகிதத்திலேயே செய்தாய். நான் அழுதேன். "அழுவாத கொசு, வேற வாங்கித் தரேன்," என்றாய், வாங்கியும் தந்தாய். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கனமான குழாய்த் துண்டுகள் பொறுக்கி வந்து, கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே வெட்டி வெல்டு வைத்தாய். நத்தைக்கூட்டின் போல்ட்டைத் தளர்த்தி, காற்று வரும் வாய் மேல்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாய். பானெட்டை மூடினால் இடிக்குமா என்று தெரியவேண்டும், மூடிவிட்டால் உள்ளே பார்க்க முடியாது. அதற்கு வழி சொன்னது நஜீர் அண்ணன். ராத்திரிச் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து டர்போ தலையில் வைத்தார், பானெட்டைச் சாத்தினார், திறந்தார். மாவு நசுங்கி நின்ற கனம்தான் அங்கே இருக்கும் இடம். "அல்லாருக்கும் சப்பாத்தி போட்ட, டர்போக்கு ஒண்ணு போட மாட்டியா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். கட்டை விரல் கனத்துக்கு மாவு நின்றது. நீ அதை எடுத்து என் மூக்கில் ஒட்டினாய்.

மேல்பக்கத்தை மாவு வைத்து அளந்தீர்கள். பின்பக்கத்தை என் கையை வைத்து அளந்தீர்கள். தப்பு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது புரிகிறது. பின்பக்க நட்டுகளை முடுக்க உங்கள் இரண்டு பேர் கையும் போகாது. நான் முன்சக்கரத்துப் பக்கமாகப் படுத்து, கையைத் தோள்வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடித் தேடி முடுக்கினேன். தகரச் சுவரை ஒட்டிக் குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய குழாய் என் புறங்கையில் தட்டுப்பட்டது. அது பிரேக் பைப் என்றாய். "டர்போக்கும் அதுக்கும் கேப் கீதா?" என்று கேட்டாய். கண்ணாடி வளையல் போட்ட கையை நடுவில் விட்டு வெளியே எடுத்துக் காட்டினேன். வளையல் உடையவில்லை. "வளையலே ஒடையல, அப்புறம் இன்னா?" என்றாய். அன்றிலிருந்து அது நம் வீட்டு அளவுகோல் ஆகிவிட்டது. எதை மாற்றினாலும் "கொசு, கைய வுடு" என்பாய். நான் விடுவேன், வளையல் உடையாது, நீ அடுத்த வேலைக்குப் போவாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பெரிய காரியம் என் மணிக்கட்டை நம்பி நடக்கிறதே என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கையை நான் விட்டதெல்லாம் இன்ஜின் அணைந்து, ஆறி, அசையாமல் நிற்கும்போது. வண்டியை முடுக்கினால் இன்ஜின் சும்மா நிற்காது அண்ணா. அது ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தலையைப் பின்னால் சாய்க்கிறது. ரப்பர் அப்பா காலத்தது, வெடித்துக் கிடக்கிறது. பழைய இன்ஜின் கொஞ்சமாகச் சாய்ந்தது, நீ இப்போது அதற்கு இரண்டு பங்கு பலம் கொடுத்திருக்கிறாய், அதனால் இரண்டு பங்கு சாய்கிறது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. வண்டியே நமக்குச் சொன்னது. டர்போவுக்கும் பைப்புக்கும் நடுவில் சூடு தடுக்க ஒரு தகடு வெட்டி வைத்தாயே, அது நீ முடுக்கும்போதெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது. உனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "பேஜாரு புடிச்ச சத்தம், கயட்டிடு," என்றாய். கழற்றியதும் சத்தம் நின்றது. தகடு ஏன் சத்தம் போட்டது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டர்போ சாய்ந்து வந்து அதை இடித்ததால்தான் அது சத்தம் போட்டது. நாம் இடிபட்டதை எடுத்துவிட்டோம். இடிப்பது அங்கேயே இருக்கிறது. இப்போது அது சாய்ந்தால் நேரே பைப்பில்தான் படும்.

நேற்று நீயும் நஜீர் அண்ணனும் கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும் முன், நீ பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு மாவு உருண்டையை அந்தச் சந்தில் பைப் மேல் அப்பி வைத்தேன். மேலே வைத்தோமே, பின்னாலும் வைத்துப் பார்க்கலாம் என்றுதான். விளையாட்டு மாதிரி. நீங்கள் திரும்பி வந்தபோது உன் முகம் பாலத்து நாளுக்குப் பிறகு நான் பார்க்காத முகமாக இருந்தது. "போயிகினே கீதுடி கொசு, நிக்கவே மாட்டேங்குது," என்றாய். நிற்கவே மாட்டேன் என்கிறது என்று நீ சொன்னது வேகத்தை. அதன் பின்னாலேயே இன்னொன்றும் சொன்னாய், நினைவிருக்கிறதா? "திரும்பசொல்லோ பிரேக் பெடலு லைட்டா கீய எறங்கிச்சி. ரெண்டு வாட்டி பம்ப் பண்ணேன், வந்துடுச்சி." நஜீர் அண்ணன், "ஏர் இருக்கும் மாமு, எடுத்துக்கலாம்," என்றார். இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

இரும்பு ஆறியதும் கையை விட்டேன். உருண்டையாக வைத்த மாவு உருண்டையாக இல்லை. கருகி, சிப்ஸ் மாதிரி மொறுமொறுத்து, என் நகத்தைவிட மெல்லிசாக பைப்போடு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். அதற்கு அடியில் பைப் மேல் ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. போனை உள்ளே விட்டு ஒரு படம் எடுத்தேன். பூச்சு எல்லாம் தேய்ந்து அந்த இடம் பளபளக்கிறது. டர்போ சிவந்து காயும்போது அந்த பைப்பைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது அண்ணா. உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் கொதிக்கிறது. கொதித்தால் ஆவியாகும், ஆவியை எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்தைப் பிடிக்காது. பெடல் கீழே இறங்கியது காற்றால் இல்லை. ஆறினதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிட்டது, அதனால் திரும்பி வந்தது. நேற்று ஓட்டியது கொஞ்ச தூரம். நாளைக்கு ஓட்டப்போவது முழு ரோடு. தேய்ந்த இடம் விரிந்தால் ஆயில் அந்தச் சிவந்த இரும்பு மேலேயே கொட்டும். அப்போது பிரேக்கும் இருக்காது, உன் காலுக்கு முன்னால் நெருப்பும் இருக்கும். எதிரே எண்ணூர் ரோட்டில் என்ன நிற்கும் என்று நான் சொல்லவேண்டாம். வரிசையாகக் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் நிற்கும். அவற்றின் பின்பக்கம் உன் கழுத்து உயரத்தில் இருக்கும்.

நஜீர் அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். அப்புறம் அவரே கூப்பிட்டார். "அவன்கைல காட்டினியா பாப்பா?" என்றார். காட்டப் போனேன், கை ஓங்கிட்டான் என்றேன். "நா சொன்னா மட்டும் கேப்பானா? காலைல போவாதன்னு சொன்னா, நா பொறாமைல சொல்றேன்ம்பான். அவன் கண்ணுல இப்ப ரேசு தவிர ஒண்ணியும் தெரில." நீங்க சொல்லித்தான் ஆகணும் என்றேன். "என் தோஸ்துக்கு நா சொல்றத விட நீ சொல்றது பெருசு," என்றார். "அவன் ஒத்துக்கினா ஃபோன் போடு. புது பைப்பு எங்கிட்டயே கீது. எந்நேரம் ஆனாலும் வரேன்." அவர் மேல் கோபப்படாதே. அவரும் பயந்தார். உனக்கு நடக்கப்போவதை நினைத்துத்தான் பயந்தார். உன்னிடம் சொல்லத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை.

ரேசை நீ எதற்காக விடமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஓஎம்ஆரில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அந்த மனிதர், யார்டில் உன் வெல்டிங்கைப் பார்த்துவிட்டு, "கை நல்லா இருக்கு. ஆனா இந்த டப்பாவுக்கெல்லாம் டர்போ போடறவன் பைத்தியம்," என்று சிரித்தார். "என் வண்டியோட ஒரு தடவை ஓட்டு. முன்னால வந்துட்டா திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடு." உனக்கு அந்த வேலை வேண்டும். அங்கே போனால் நீ துருப்பிடித்த கன்டெய்னருக்கு ஒட்டுப் போடும் ஆளாக இருக்கமாட்டாய். எனக்கும் நீ அங்கே போகவேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் பார்க்கப்போவது நீ செய்த வேலையை. பிரேக் பைப்பைத் தேய்க்கிற டர்போவை ஓட்டிக் காட்டுவது வேலையா? இன்னொரு ஞாயிறு கேள். சிரிப்பார், சிரிக்கட்டும். பைப்பை அந்தச் சுவரிலிருந்து எடுத்து மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுபோ. இன்ஜின் தலைக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கம்பியைப் பிடித்து, அது பின்னால் சாயாமல் இழுத்துக் கட்டு. புது ரப்பர் போடு. தகட்டை மறுபடி வை. அது சத்தம் போட்டால் கழற்றாதே, ஏன் போடுகிறது என்று பார். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? அவசரத்தில் மறந்துவிட்டாய்.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. பாலத்தில் அன்றைக்கு நீ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சூட்டுமுள் ஏறுகிறதா என்று அதையே பார்த்தாய், குனிந்து சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாய். நான் பின்சீட்டில் இருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, உன் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மறுபடி உயிர் வந்து ஏற்றத்தில் ஏறியது அண்ணா. ஏறித்தான் விட்டது. ஏறியபிறகு போக இடம் இல்லை. துறைமுக வாசலுக்குப் போகும் ட்ரெய்லர்கள் இரண்டு வரிசையையும் அடைத்துக்கொண்டு, இறக்கம் முழுக்க, கண்ணுக்கெட்டியவரை, எப்போதோ இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. நமக்கு முன்னால் ஒரு பச்சைக் கன்டெய்னர். அதன் பின்கதவில் யாரோ விரலால் எழுதியிருந்த பெயரைக்கூட நான் படித்தேன். நீ இறங்கி ஓடி ஓடி ஒவ்வொரு டிரைவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டாய். அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கும் முன்னால் வண்டி. அந்த நேரத்தில்தான் அம்மாவின் தலை என் மடியில் கனத்தது. நீ திரும்பி ஓடி வந்தாய், நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்கள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அன்று நம்மிடம் இந்த டர்போ இருந்திருந்தாலும் நாம் அந்தப் பச்சைக் கன்டெய்னருக்குப் பின்னால்தான் நின்றிருப்போம். வண்டிக்கு மூச்சுப் பத்தாமல் அம்மா போகவில்லை. அன்று ரோட்டில் யாருக்கும் வழி இல்லை. இரண்டு வருஷமாக நீ அந்த இன்ஜினைத் தண்டிக்கிறாய். அதை ஓட்டின உன்னையும் சேர்த்துத் தண்டிக்கிறாய் என்று எனக்குப் படுகிறது.

ஒரு தாய் இந்த இடத்தில் மகனுக்குப் புத்தி சொல்வாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதுவும் இந்தச் சந்துக்குள் கை விட்டுக் கற்றது. எதையும் சும்மா நிற்கும்போது அளக்காதே. சும்மா நிற்கும்போது எல்லாவற்றுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. இழுக்கும்போது எது எதன்மேல் சாய்கிறது என்று பார். நீயும் அப்படித்தான். வீட்டில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிடும்போது உன்னைப்போல ஒரு ஆள் இந்தத் திருவொற்றியூரில் கிடையாது. ஆனால் உன்மேல் பாரம் ஏறினால் நீ பக்கத்தில் இருப்பவர்கள்மேல் சாய்கிறாய். முதலில் நஜீர் அண்ணன்மேல் சாய்ந்தாய்; அவர் உன்னிடம் வாய் திறக்கவே யோசிக்கிறார். இன்று என்மேல் சாய்ந்தாய். அப்பாவும் ஒரே நாளில் கை ஓங்குகிறவராக ஆகியிருக்கமாட்டார். அவரிடமும் யாரோ ஒருத்தி சத்தம் போட்டிருப்பாள், அவர் அந்தச் சத்தத்தை மட்டும் கழற்றிப் போட்டிருப்பார். நாளைக்கு நீ உயிரோடு திரும்பி வந்தாலும், நான் சொன்னதைக் கேட்காமல் போய்த் திரும்பி வந்தவனாக வருவாய். அடுத்த முறை கை ஓங்கினால் அது நிற்காது. எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது.

காரின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ரோட்டாரைக் கழற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டால் வண்டி கிளம்பாது என்று யோசித்தேன். எடுக்கவும் போனேன். அப்புறம் வைத்துவிட்டேன். நீ என்னை அடித்துப் பிடுங்குவாய், இல்லையென்றால் வேறொன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அரைமணி தாமதமாகப் போவாய். தாமதத்தை ஈடுகட்ட இன்னும் வேகமாக ஓட்டுவாய். உன்னை ஏமாற்றி நிறுத்தினால் நீ நின்றதாக ஆகாது. அதனால் வண்டியில் எதையும் தொடவில்லை. சாவியைத் திருகினால் கிளம்பும்.

ஆனால் அந்த நட்டுகளை முடுக்கியது என் கை. இடம் இருக்கிறது என்று வளையலைக் காட்டிச் சொன்னதும் இந்தக் கைதான். நீ என் கையை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தாய். என் கை சொன்னதை நம்பி நீ மட்டும் போவது நியாயம் இல்லை. இதை முடித்ததும் ஸ்டியரிங்கில் செருகிவிட்டு நானும் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பின்சீட்டில், அம்மா தலை வைத்திருந்த பக்கம் இருப்பேன். கதவை உள்ளே பூட்டிக்கொள்ள மாட்டேன், நீ என்னைத் தூக்கி வெளியே போடலாம், அவ்வளவு கனம்கூட நான் இல்லை. தூக்கிப் போடுவதாக இருந்தால் எதற்காகத் தூக்குகிறாய் என்று ஒரு தடவை உன்னையே கேட்டுக்கொள். அங்கே போதுமான இடம் இருக்கிறது என்று நீ நம்பினால் என்னை இறக்கவேண்டிய அவசியம் இல்லை. நேரே ஓட்டு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லை என்று தோன்றினால் நாம் இரண்டு பேரும் இறங்கிவிடலாம். நஜீர் அண்ணன் போனை எடுப்பார். ஸ்பானரை நான் மதியமே கழுவி வைத்துவிட்டேன். அந்தச் சந்துக்குள் வேறு யார் கையும் போகாது.

வளையலைக் கழற்றிவிட்டேன்.

உன்
கொசு